கணவன், மனைவி, ஒரு கைத்துப்பாக்கி

"வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் தைரியமாக இருக்கும்" என்று சித்தூர்க்காரர் ஒருவர் சொன்னால், அதைச் சினிமா மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஊர் பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கிறது. 2015 நவம்பர் 17-ம் தேதி பட்டப்பகலில், மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதாவைச் சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்கள் பர்தா அணிந்து முகத்தை மறைத்திருந்தார்கள். உடனிருந்த கணவர் மோகனைக் கத்தியால் வெட்டினார்கள். வேலூருக்குக் கொண்டுபோயும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. பத்து வருடம் இழுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் முதன்மையானவர் மோகனின் நெருங்கிய உறவினர்.

அதே 2025-ம் வருடம் மார்ச் மாதம், சித்தூர் காந்தி சாலையில் கடையும் வீடுமாக இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் காலை நேரத்தில் துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் புகுந்தது. கொள்ளையடிக்கத்தான் வந்தார்கள். ஊரே திரண்டு நிற்க, போலீஸார் கட்டடத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். கடனில் மூழ்கிய உள்ளூர் வியாபாரி ஒருவர்தான் அவர்களை ஏவியவர் என்று போலீஸ் தரப்பில் பிறகு சொன்னார்கள்.

இப்படி ஒரு ஊரிலோ, பக்கத்துத் திருப்பதியிலோ குடியிருக்கும் ஒரு தம்பதி, "நாமும் துப்பாக்கி சுடப் பழகலாமே, ஞாயிற்றுக்கிழமை பொழுதும் போகும், வீட்டுக்கும் ஒரு காவல்" என்று யோசித்தால் என்ன சொல்வது? அந்த யோசனையில் இரண்டு ஆசைகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அவிழ்த்துப் பார்த்தால் ஒன்று அருமையான ஆசை, மனதார ஆதரிக்கிறேன். மற்றது ஆபத்தானது. எவ்வளவு நியாயமான பயத்திலிருந்து அது பிறந்திருந்தாலும், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரே குறி, இரண்டு பேர்

கைத்துப்பாக்கியால் சேர்ந்து வாழ்ந்து காட்டிய தம்பதி நம் நாட்டிலேயே உண்டு. ஹீனா சித்து பஞ்சாப்காரர், பல் மருத்துவம் படித்தவர். நெருங்கிய உறவினர் ஒருவர் துப்பாக்கி செப்பனிடும் தொழிலில் இருந்ததால் ஆயுதம் அவருக்கு அந்நியமில்லை. ரோனக் பண்டிட் மும்பைக்காரர். அவருடைய தந்தை அசோக் பண்டிட்டும் துப்பாக்கி சுடும் வீரர்தான். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் சமரேஷ் ஜங்கோடு ஜோடி சேர்ந்து ரோனக் பிஸ்டலில் தங்கம் வென்றார். இருவருக்கும் 2013 பிப்ரவரியில் திருமணம். கணவரே பயிற்சியாளரும் ஆனார்.

அந்த வருடம் நவம்பரிலேயே மியூனிக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் ஹீனா 203.8 புள்ளிகளோடு தங்கம் வென்றார். அதற்கு முன் எந்த இந்தியரும் பிஸ்டலில் அந்தத் தங்கத்தைத் தொட்டதில்லை. 2014 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் முதலிடம். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம், 10 மீட்டரில் வெள்ளி. அந்த 10 மீட்டர் தங்கத்தை அவரிடமிருந்து தட்டிச் சென்றது 16 வயது மனு பாக்கர்.

வெளிநாட்டிலும் ஒரு ஜோடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ரைஃபிள்காரர்கள் என்றாலும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேட் எம்மன்ஸ் கடைசிக் குண்டுக்கு வரும்போது தங்கத்தைத் தொடும் நிலையில் இருந்தார். அந்தக் கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டுவிட்டார். மதிப்பெண் பூஜ்யம், தங்கம் போயிற்று. அன்று மாலை அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்னவர் செக் நாட்டு வீராங்கனை கேத்தரினா. 2007-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கமே கேத்தரினாவுக்குத்தான். அதே ஒலிம்பிக்கில் மேட் மறுபடியும் தங்கத்துக்கு அருகில் வந்து, கடைசிக் குண்டில் 4.4 அடித்துப் பதக்கமே இல்லாமல் நின்றார். அப்போதும் ஓடி வந்து அணைத்துக்கொண்டவர் மனைவி. தோற்பதையும் இப்படிப் பகிர்ந்துகொள்ள முடிகிறது என்பதற்காகவே தம்பதிகளுக்கு இந்த விளையாட்டைச் சிபாரிசு செய்யலாம்.

ஆணும் பெண்ணும் ஒரே அணியாக நின்று சுடும் கலப்புப் பிரிவு டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. பாரிஸில் 2024 ஜூலை 30-ம் தேதி மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கியது அதில்தான். தசைபலம் இதில் எடுபடாது. உயரமும் வயதும்கூடப் பெரிய விஷயமில்லை. நடிகர் அஜித் குமாரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் 4 தங்கமும் 2 வெண்கலமும் வாங்கியபோது அவருக்கு வயது 51. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் என்று ஒலிம்பிக் வரை போனவர்களும் நம்மவர்களில் உண்டு.

சரி, ரேஞ்ச் என்ற சுடுதளத்தில் என்னதான் செய்கிறார்கள்?

பத்து மீட்டர் தூரம். ஒரு பெரிய வீட்டுக் கூடத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஓர் இலக்கு. நடுவில் கறுப்பு வட்டம், 59.5 மில்லிமீட்டர். அதன் மையத்தில் பத்து மதிப்பெண் வட்டம், 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. கையில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள ஏர் பிஸ்டல். அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளும் கருவி அது. ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். மற்றக் கை கால்சட்டைப் பையிலோ இடுப்புப் பெல்ட்டிலோ அடங்கிக் கிடக்கும்.

இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, கையை மேலே தூக்கி, மெதுவாக இறக்கி, கறுப்புக்குக் கீழே வெள்ளையில் நிறுத்துகிறீர்கள். கை ஆடும். உலக சாம்பியனுக்கும் ஆடும். ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. அதை ஒரு சின்ன வட்டத்துக்குள் ஆட விட்டுவிட வேண்டும். அடுத்தது இன்னும் விசித்திரமானது. கண் இலக்கைப் பார்க்கக் கூடாது. துப்பாக்கி முனையில் நிற்கும் முன் சைட்டைத்தான் கூர்மையாகப் பார்க்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். "எதைச் சுடுகிறோமோ அதைப் பார்க்காதே" என்று சொல்லும் கலை இது. மனது ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும்.

பிறகு டிரிக்கர். ஏர் பிஸ்டலில் அதன் எடை குறைந்தது அரைக் கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. விரலின் முதல் கணு மட்டும் அசைய, எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாத மாதிரி அழுத்தம் கூடிக்கொண்டே போக வேண்டும். இழுத்தால் போச்சு, குண்டு இடது கீழே ஓடிவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆறு முதல் எட்டு விநாடிக்குள் சுட வேண்டும். அதற்குள் கை கனிந்து வரவில்லை என்றால் சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும்.

இந்தச் சுடாமல் இறக்குவதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான். பாதி அழுத்தியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெடித்துவிடும், ஆனால் ஏதோ சரியில்லை என்று உள்ளே ஒரு குரல். அப்போது விரலை எடுத்து, கையைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்க ஒரு துணிவு வேண்டும். 60 குண்டுக்கு 75 நிமிடம் கொடுப்பதே அதற்காகத்தான்.

கணவன் மனைவி சேர்ந்து பழகும்போது ஒரே ஒரு சங்கடம் வரும். அவர் சுடும்போது இவர் பின்னால் நின்று, "கையைக் கொஞ்சம் மேலே பிடியேன்" என்பார். "என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று பதில் வரும். ரேஞ்சில் சுடுகிறவரின் காதில் விழ வேண்டிய குரல் ஒன்றே ஒன்றுதான், ரேஞ்ச் அதிகாரியின் குரல். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அனுபவமுள்ள தம்பதிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யோசனைகளை இடைவேளையில், தேநீரோடு சொல்லிக்கொள்ளலாம்.

ரேஞ்சின் ஒழுங்கை வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க முடியாது. காலியாக இருந்தாலும் குண்டு நிரம்பியது என்றே நினைத்துத் தொட வேண்டும். குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் டிரிக்கர் மேல் போகக் கூடாது. சுடாதபோது குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு ஓடிக்கிடக்க வேண்டும், உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரிவதற்காக. பெல்லட் ஈயம் என்பதால் முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டித் தரத்திலான வெளிநாட்டு ஏர் பிஸ்டல்கள் (மோரினி, ஸ்டெயர், வால்தர்) லட்சத்தைத் தாண்டும். அதை முதல் நாளே வாங்க வேண்டிய அவசியமில்லை. கிளப்பின் துப்பாக்கியிலேயே மாதக்கணக்கில் பழகலாம். .177 விட்டத்துக்கு மிகாமல், குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். ஆனால் விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். வீட்டில் 10 மீட்டர் கிடைத்தால் இலக்குக்குப் பின்னால் கெட்டியான தடுப்பும், இடையில் எந்தக் கதவும் திறக்காத பாதையும் இருந்தால்தான் சுட வேண்டும்.

தலையணைக்குக் கீழே வைக்க முடியாது

இனி மற்ற ஆசைக்கு வருகிறேன். வீட்டுக் காவலுக்கு என்றால் ஏர் பிஸ்டல் ஆகாது, தோட்டாத் துப்பாக்கி வேண்டும். அதற்கு உரிமம் வேண்டும்.

ஆயுதம் நம் நாட்டில் உரிமை அல்ல, அனுமதி. இந்த வரலாறு தமிழர்களுக்கு நெருக்கமானது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்குச் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து பிரகடனம் போட்டார். சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804-ல் எழுந்தபோது அவர்களும் ஒடுக்கப்பட்டார்கள். 1878-ல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் நாமே ஒன்று இயற்றிக்கொண்டோம். அதன் கீழ் 2016-ல் புதிய விதிகள், 2019-ல் திருத்தம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

விண்ணப்பம் மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானதால் அங்கிருப்பவர்கள் இப்போது சித்தூருக்கு அலைய வேண்டாம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மனநலமும் உடல்நலமும் சரியாக இருப்பதாக மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி. உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்றும் கேட்பார்கள். "ஊரில் திருட்டு அதிகம்" என்ற பதில் பொதுவாகப் போதாது. எல்லாம் முடிந்து உரிமம் கிடைத்தாலும் சாதாரணமாகக் கிடைப்பது .32 ரகம்தான். 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்கு இல்லை. பெண்களுக்கென்று சொல்லியே 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 500 கிராம் எடையில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி இருந்தது. யாருக்குப் பாதுகாப்பு தேவை என்று சொல்லி அதை விற்றார்களோ, அந்தப் பெண்களில் எத்தனை பேரால் அந்த விலை கொடுக்க முடியும் என்று அப்போதே பலரும் கேட்டார்கள்.

இதில் தம்பதிகள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. உரிமம் வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு. கணவர் பெயரில் இருக்கும் ரிவால்வரை, கணவர் இல்லாத நேரத்தில் மனைவி எடுத்துப் பழகவோ கைப்பையில் வைத்துக்கொள்ளவோ சட்டம் இடம் தரவில்லை. உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போதோ, அவருடைய எழுத்து அனுமதியோடோ, பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ அவருடைய பயன்பாட்டுக்காகவோ எடுத்துச் செல்வது மட்டும்தான் விதிவிலக்கு. "நான் கடைக்குப் போனபிறகு அவள் தனியாக இருப்பாளே" என்ற கவலையில் கணவர் வாங்கும் துப்பாக்கி, எந்த நேரத்துக்காக வாங்கினாரோ அந்த நேரத்தில் அவருடைய மனைவிக்குச் சட்டப்படி உதவாது.

தேர்தல் வந்தால் அதுவும் கையை விட்டுப் போகும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் 16 முதல் ஜூன் முதல் வாரம் வரை அந்த விதி இருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம்.

இதையெல்லாம் தாண்டி, நள்ளிரவு இரண்டு மணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொல்லைப்புறத்தில் சத்தம். துப்பாக்கி உறுதிமொழி கொடுத்தபடி பீரோவில் பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு அறையில் தனியாக. சாவி, விளக்கு, தோட்டா என்று தேடுவதற்குள் வந்தவன் வந்தாகிவிடும். இல்லை, தோட்டா போட்டுத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றால், வருடத்தின் 365 இரவும் அந்தப் பொருள் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. சண்டை போட்ட இரவிலும், கடன்காரன் வந்து போன இரவிலும் அங்கேயே இருக்கிறது. பூட்டினால் பயன்படாது, பூட்டாவிட்டால் ஆபத்து. இந்த முடிச்சுக்கு விடை கண்டுபிடித்த ஒருவரையும் நான் அறியேன்.

சத்தம் போட்டது யார் என்பது அடுத்த கேள்வி. ஊரிலிருந்து பஸ் பிடித்துச் சொல்லாமல் வந்த தம்பியாக இருக்கலாம், தண்ணீர் குடிக்க எழுந்த மகளாக இருக்கலாம். ரேஞ்சில் வெளிச்சம் உண்டு, எட்டு விநாடி உண்டு, வேண்டாம் என்றால் கையை இறக்கிவிடலாம். இருட்டில், நெஞ்சு படபடக்க, விரல் மரத்துப்போன நிலையில் அந்தப் பயிற்சி எதுவும் கைகொடுக்காது. ஊதியம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் அப்படித்தான். நியூயார்க் போலீஸாரின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-ல் கொடுத்த அறிக்கையின்படி, எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் அவர்களுடைய குண்டுகளில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. மிச்சம் 82 சதவீதம் எங்கெங்கோ போனது. நம் வீடுகளின் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார் தூங்குகிறார்கள். தோட்டாவுக்கும் வருடத்துக்கு இத்தனை என்று வரம்பு இருப்பதால், வீட்டுக் காவலுக்கு வாங்கியவர் கை பழகும் அளவுக்குச் சுட்டுப் பார்ப்பதும் இல்லை.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல லட்சக்கணக்கானவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையாவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டது. வாழ்க்கைத் துணையாலேயே சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். அதே குழு 2020-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு தற்கொலையைப் பற்றியது. கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் அதனாலேயே உயிரை மாய்த்துக்கொள்வது மற்ற ஆண்களைவிட 8 மடங்கு, பெண்களில் 35 மடங்கு. அந்த நாட்டுச் சூழல் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபமும் மனச்சோர்வும் எந்த நாட்டுக் குடும்பத்துக்குள்ளும் வரும்.

சட்டம் தரும் தற்காப்பு

தற்காப்பு உரிமையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்காகவே உள்ளன. சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுபவனையும், கொள்ளையடிக்க வருபவனையும் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றமாகாத சந்தர்ப்பங்கள் உண்டு என்று 41-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அழைக்க வேண்டும் என்று 37-ம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தேவை எவ்வளவு என்பதை அந்த நொடியில் அளக்க முடியாது, தங்கத் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றங்களே ஏற்றுக்கொள்கின்றன. என்றாலும் வழக்கு, விசாரணை, வருடக்கணக்கான அலைச்சல் எல்லாம் சுட்டவருக்குத்தான்.

திருப்பதியைச் சுற்றியுள்ள மலைகளில் இந்தக் கேள்வி தமிழர்களுக்கு ஆறாத புண். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, சந்திரகிரிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள் அவர்கள். குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் இன்றுவரை அதை ஏற்கவில்லை. சீருடையும் பயிற்சியும் உள்ளவர்கள் சுட்டதற்கே இத்தனை வருடம் கேள்வி நீள்கிறது என்றால், படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து சுடும் ஒரு கடைக்காரரின் நிலை என்னாகும்?

சித்தூர் அனுபவத்தையே நேர்மையாகப் பார்ப்போம். காந்தி சாலையில் அந்தக் கும்பலை முடக்கியது கட்டடத்தைச் சுற்றி நின்ற ஊரும் போலீஸும். மேயர் தம்பதியைக் கொன்றவர்கள் அறிமுகமில்லாத திருடர்களாக இரவில் வரவில்லை. உறவுப் பகையோடு, ஆள் நடமாட்டமுள்ள அலுவலகத்தில், எதிராளி சுதாரிக்கும் முன் காரியத்தை முடித்தார்கள். மேஜை இழுப்பறையில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கை அதற்குப் போகும் அளவுக்குக்கூட அங்கே நேரம் இருந்திருக்காது.

வீட்டைக் காப்பது கதவும் விளக்கும் அக்கம்பக்கமும்தான். இரும்புக் கிரில், உள்தாழ்ப்பாள், கொல்லைப்புறத்தில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு, கேமரா, குரைக்கும் நாய், அவசர உதவி எண் 112. பூட்டிவிட்டு வெளியூர் போகும்போது ஆந்திர போலீஸில் 'எல்.எச்.எம்.எஸ்.' என்ற வசதி உண்டு. முன்கூட்டிச் சொன்னால் அவர்களே வந்து, ஆள் அசைந்தால் தகவல் தரும் கேமராவைப் பூட்டிய வீட்டில் பொருத்துவார்கள், கட்டணம் இல்லை. துணையின் அருமையைத் திருமலைப் பாதையும் சொல்லும். 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிப்போன பிறகு, நடந்து மலையேறும் பக்தர்களுக்குத் தேவஸ்தானம் கையில் கம்பு கொடுத்தது. தனியாகப் போகாமல் கூட்டமாகச் சேர்ந்து போகச் சொன்னது. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. துணையோடு போவதும் சத்தம் போடுவதும்தான் அந்தப் பாதையில் எத்தனையோ தலைமுறையாக மனிதர்களைக் காப்பாற்றியவை.

ஆகவே சித்தூர், திருப்பதித் தம்பதிகளுக்கு என் யோசனை இதுதான். பிஸ்டல் பழகுங்கள், கட்டாயம் பழகுங்கள், ஆனால் ஏர் பிஸ்டலில், ரேஞ்சில். சென்னை உங்களுக்கு ரயிலில் மூன்று நான்கு மணி நேரம்தான். அங்கே ரைஃபிள் கிளப் உண்டு. ஹைதராபாத்தில் துப்பாக்கி சுடும் வீரர் ககன் நாரங்கின் பயிற்சி மையம் இருக்கிறது. மாவட்டத்திலேயே சங்கம் எங்கே இயங்குகிறது, யார் பயிற்சி தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, தேசிய ரைஃபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பா என்று பார்த்துச் சேருங்கள். யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்க வேண்டாம். முதல் நாள் தப்பாகப் பழகிய பிடியைத் திருத்த ஒரு வருடம் ஆகும்.

வயதாகிவிட்டதே என்று தயங்கினால் உத்தரப்பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்த்ரோ தோமரையும், அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டியபிறகு, பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துப் போன இடத்தில் பிஸ்டலைத் தொட்டவர் சந்த்ரோ. வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல், ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு தண்ணீர்க் குடுவையை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்று பழகுவாராம், கை ஆடாமல் இருப்பதற்காக. இன்றைக்கும் பயிற்சியாளர்கள் புதியவர்களுக்குச் சொல்வது கிட்டத்தட்ட அதே பாடம்தான். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தோள் உயரத்துக்குக் கையை நேராக நீட்டி, முப்பது விநாடி. இறக்கி ஒரு நிமிடம் ஓய்வு. இப்படிப் பத்து முறை. இன்று இரவே மொட்டை மாடியில் ஆரம்பிக்கலாம். ஒருவர் பிடிக்க மற்றவர் மணி பாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.